முதலில் கன்று, பிறகு சொம்பு

கன்றை அவிழ்த்துவிடாமல் காங்கேயம் பசுவின் மடியில் கை வைத்தால் சொம்பின் அடி நனைவதே அபூர்வம். மடி கனத்துத் தொங்கும். காம்பை இழுத்தால் நாலு சொட்டு வரும், அதோடு சரி. அதே பசுவிடம் கன்றைக் கொஞ்ச நேரம் ஊட்ட விட்டு, பிறகு இழுத்துப் பிடித்துக் கட்டுங்கள். நான்கு காம்புகளும் விறைத்து நிற்கும். பீச்சினால் சொம்பில் நுரை எழும். அந்த ஒரு நிமிடத்தில் புதிதாகப் பால் எதுவும் ஊறவில்லை. பசுவின் தலைக்குள்ளிருந்து ஒரு சேதி கிளம்பி, ரத்தத்தோடு ஓடி, மடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழையை நம்பி ஐந்தாறு ஏக்கரில் பண்ணயம் பார்க்கிற குடும்பங்களுக்கு, விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். தயிர் சிலுப்ப வேண்டும், சாணி வழிக்க வேண்டும், பால் பீச்ச வேண்டும், மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட வேண்டும், தண்ணி கட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரமும் ஒரு முறையும் உண்டு. ஏன் இப்படி என்று கேட்டால், “எங்கம்மா அப்படித்தானுங்க செஞ்சாங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கொஞ்சம் தோண்டினால் ஒவ்வொரு பழக்கத்துக்கும் அடியில் ஹார்மோனோ, கொழுப்புப் படிகமோ, காற்றின் எடையோ தட்டுப்படுகிறது. ஓரிடத்தில் சயனைடுகூட.

மடியிலிருந்தே தொடங்கலாம். மடி என்பது ஒரு பை, பால் அதில் தேங்கியிருக்கிறது என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உள்ளே இருப்பதோ கோடிக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. பால் சுரப்பதும் தங்குவதும் அங்கேதான். காம்புக்கு மேலே பால் இறங்கி நிற்க ஒரு சிறு குழிவு உண்டு. ஏராளமாகக் கறக்கிற சீமைப் பசுக்களிலேயே மொத்தப் பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அதில் நிற்கும். நாட்டுப் பசுவுக்கு அந்தக் குழிவு இன்னும் சிறியது. மற்ற பால் முழுவதும் மெல்லிய நாளங்களுக்குப் பின்னால் அகப்பட்டுக் கிடக்கிறது. எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது இறங்காது.

இறக்குவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். கன்றின் நாக்கு காம்பில் பட்டதும் நரம்பு வழியே மூளைக்குத் தகவல் போகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை ரத்தத்தில் விடுகிறது. அது மடியை அடைந்து, ஒவ்வொரு நுண்ணறையையும் சுற்றிப் பின்னியிருக்கும் தசைச் செல்களைச் சுருங்கச் செய்கிறது. அறை பிழியப்படுகிறது, பால் கீழே வருகிறது. ஒன்பதே அமினோ அமிலங்களைக் கோத்த மூலக்கூறு இது. அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ 1953இல் இதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கட்டுத்தரையில் கன்றுக்குட்டி அதைத் தினமும் இரண்டு வேளை, ஒரு நக்கலில் வரவழைக்கிறது.

ரத்தத்தில் ஆக்சிடோசின் தங்குவது சில நிமிடங்கள்தான். அதனால்தான் பீச்ச உட்கார்ந்தவர் நடுவில் எழுந்து போனில் பேசிவிட்டு வர முடியாது. புது ஆள் கிட்டே வந்தாலும், நாய் குரைத்தாலும் காரியம் கெடும். மிரண்ட பசுவின் உடலில் அட்ரினலின் ஏறி, மடிக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். ஆக்சிடோசின் இருந்தாலும் போய்ச் சேர வழியில்லை. பசு வேண்டுமென்றே பாலை அடக்கிக்கொண்டது என்று திட்டுவார்கள். பாவம், அதன் கையில் ஒன்றுமில்லை. அம்மா ஊருக்குப் போன நாளில் அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு பீச்சிய மகன்களின் கதை பல ஊர்களில் உண்டு. பழகிய வாசனையும் பழகிய குரலும், சொம்பு உருளும் சத்தமும்கூட இந்த ஹார்மோனைத் தூண்டும். கன்று இறந்துவிட்டால் தோலுக்குள் வைக்கோல் அடைத்துத் தாய்க்கு முன்னால் நிறுத்துவது இதே கணக்கில்தான். நக்கிப் பார்க்கிற பசுவுக்கு அந்த வாசனை போதும்.

ஒரு லிட்டர் பால் சுரக்க 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓடியாக வேண்டும். காங்கேயம் இனம் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனது. பாலில் பெரிய சூரர் இல்லை, நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கிடைத்தால் திருப்தி. அதற்கே மொட்டைமாடியில் வைக்கிற 1,000 லிட்டர் தொட்டி நிரம்பி வழியுமளவு ரத்தம் தினமும் அந்த மடிக்குள் போய்த் திரும்புகிறது.

பீச்சி முடித்ததும் கன்றை மறுபடி அவிழ்த்துவிடுவார்கள். மிச்சமிருக்கிற கொஞ்சத்தைக் கன்றுக்குக் கொடுத்துவிட்டு நல்ல பாலை நாம் எடுத்துக்கொண்டோம் என்று யாராவது உறுத்தலோடு இருந்தால், அவர்களுக்கு ஆறுதலான செய்தி: பாலில் கொழுப்பு ஒரே சீராக வருவதில்லை. முதலில் இறங்குகிற பால் நீர்த்தது, அதில் கொழுப்பு ஒன்றிரண்டு விழுக்காடுதான். கொழுப்பு உருண்டைகள் நுண்ணறைகளில் பின்தங்கிக் கடைசியில்தான் இறங்குகின்றன; அடிமடிப் பாலில் எட்டு, பத்து விழுக்காடுவரை போகும். கன்றுக்கு வாய்ப்பது அந்தப் பால். செம்பழுப்பு நிறத்தில் பிறந்து, ஆறு மாதத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறுகிற காங்கேயம் கன்றின் வளர்ச்சி அதில்தான் ஓடுகிறது.

சீம்பாலில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புப் புரதங்களை வாங்கிக்கொண்டு வருகிறது. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. ஆகவே கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. எதிர்ப்புப் புரதங்கள் மொத்தமும் சீம்பாலில் இருக்கின்றன. கன்றின் குடல் அவற்றை உடைக்காமல் முழுதாக ரத்தத்துக்குள் விடுவது முதல் 24 மணி நேரத்துக்கு மட்டுமே. அதிலும் முதல் ஆறு மணி நேரம்தான் வாசல் அகலத் திறந்திருக்கும். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்த சீம்பாலுக்கு நானும் அடிமைதான். ஆனால் கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சுவதைத்தான் சட்டியில் ஏற்ற வேண்டும்.

பால் பீச்சுவதற்கும் முன்னால், இருட்டோடு நடக்கிற வேலை தயிர் சிலுப்புவது. ஒரு சொட்டுப் பாலில் கோடிக்கணக்கான கொழுப்பு உருண்டைகள் மிதக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய சவ்வு. அது இருக்கும்வரை உருண்டைகள் மோதினாலும் ஒட்டாது. மத்து சுழலும்போது காற்றுக் குமிழிகள் உண்டாகின்றன. உருண்டைகள் குமிழியின் பரப்பில் ஏறிக் கூட்டம் கூடுகின்றன. அந்த நெரிசலில், உருண்டைக்குள் பாதி உறைந்திருக்கும் கொழுப்பின் ஊசிப் படிகங்கள் பக்கத்து உருண்டையின் சவ்வைக் குத்திக் கிழிக்கின்றன. கசியும் திரவக் கொழுப்பு இரண்டையும் ஒட்டிவிடுகிறது. இப்படிக் குத்திக் குத்தி ஒட்டியதுதான் வெண்ணெய்.

பாதி உறைந்திருக்கும் கொழுப்பு என்பதில்தான் சூட்சுமம். வெயில் ஏறிவிட்டால் கொழுப்பு முழுக்க உருகிவிடும், குத்துவதற்குப் படிகம் இருக்காது. வெண்ணெய் திரளாமல் எண்ணெயாகப் பிசுபிசுக்கும். மார்கழிக் குளிரில் கொழுப்பு அதிகம் உறைந்துவிடும், ஒட்டுவதற்குத் திரவம் போதாது. கோடையில் பானைத் தண்ணீரையும் மார்கழியில் வெதுவெதுப்பான தண்ணீரையும் தயிரில் ஊற்றிச் சிலுப்புகிற பெண்கள் வெப்பமானி இல்லாமலே இந்தச் சமநிலையைப் பிடித்துவிடுகிறார்கள். பானையைப் பாதிக்கு மேல் நிரப்பாததும் சிந்திவிடும் என்பதற்காக மட்டும் இருக்க முடியாது. காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் குமிழி இல்லை, குமிழி இல்லாவிட்டால் கூட்டமும் இல்லை.

விடிந்ததும் மாட்டுக்குத் தட்டு. காய்ந்த சோளத்தட்டை நாம் தின்றால் வயிற்றுவலிதான் மிச்சம். அதிலுள்ள செல்லுலோஸ் வெறும் சர்க்கரைச் சங்கிலி. ஆனால் அதன் கண்ணிகளை அறுக்கும் நொதி எந்தப் பாலூட்டியின் உடலிலும் சுரப்பதில்லை, பசுவின் உடலிலும்தான். அறுக்கிற வேலையைப் பசு குத்தகைக்கு விட்டிருக்கிறது. அதன் வயிற்றின் நான்கு அறைகளில் பெரியதான அசைவயிறு, கலப்பினப் பசுவில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். காங்கேயம் பசுவில் கொஞ்சம் குறையும். காற்றில்லாத, இருட்டான, எப்போதும் 39 டிகிரி வெப்பத்தில் இருக்கும் அந்த அறையில் இட்லி மாவுப் பானையில் நடப்பது பிரம்மாண்டமாக நடக்கிறது. அங்கிருந்து ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் அதில் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். உலக மக்கள்தொகையைவிட அதிகம்.

அவை தட்டை நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பசுவின் ஆற்றலில் ஏறக்குறைய எழுபது விழுக்காடு அந்த அமிலங்களிலிருந்து வருகிறது. புரதம்? அந்தக் கூலியாட்களையே பசு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. நுண்ணுயிர்கள் அடுத்தடுத்த அறைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டு, நான்காவது அறையில் செரிக்கப்படுகின்றன. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் நொதி நம் கண்ணீரில் காவலுக்கு இருக்கிறது. பசு அதைச் சமையலுக்குத் திருப்பிவிட்டது. பசுவுக்குத் துளியும் உறவில்லாத, இலைதழை தின்னும் அனுமன் மந்திக்கும் வயிற்றில் இதே ஏற்பாடு தனியாக அமைந்திருக்கிறது. சிக்கனத்திலும் பசு கெட்டி: சிறுநீரில் போகவேண்டிய யூரியாவில் ஒரு பகுதியை உமிழ்நீர் வழியே அசைவயிற்றுக்குத் திருப்பி அனுப்பி, நுண்ணுயிர்களுக்கு உரமாகக் கொடுக்கிறது. வறண்ட மாசி, பங்குனியில் வெறும் தட்டைத் தின்று மாடு உயிர்தரிப்பது இந்தச் சிக்கனத்தால்தான்.

நிழலில் படுத்து அசைபோடும் மாடு ஓய்வெடுப்பதாகத் தோன்றும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அது செய்கிற கடும் வேலை அது. ஒவ்வொரு கவளத்தையும் நாற்பது, ஐம்பது முறை மென்று, சோடா உப்புக் கலந்த உமிழ்நீரைச் சேர்த்து விழுங்குகிறது. பெரிய பசுவுக்கு நாளைக்கு 100 லிட்டருக்குமேல் உமிழ்நீர் சுரக்கும். அசைவயிற்றில் ஊறும் அமிலத்தை மட்டுப்படுத்துவது அந்த உமிழ்நீர்தான். ஒவ்வொரு மாட்டுப்பொங்கலையும் ஒட்டிக் கால்நடை மருத்துவர்கள் கெஞ்சுவது இதைப் பற்றித்தான்: அன்பு மிகுதியில் பொங்கலை வாரி வாரி ஊட்டாதீர்கள். தட்டைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு நேரம் வேண்டும். சோறு விழுந்தால் வேறொரு கூட்டம் சட்டென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. உமிழ்நீரால் ஈடுகொடுக்க முடியாது. மாடு சாய்ந்துவிடும். புதுத் தீவனம் எதுவானாலும் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுகிற பழக்கம், உள்ளேயிருக்கும் கூட்டம் மாறிக்கொள்ள ஆகிற அவகாசம்.

சயனைடுக்கு வருவோம். காய்ந்த தட்டை மாடு பயமில்லாமல் தின்னும். இளஞ்சோளப் பயிருக்குள் புகுந்தாலோ ஓட்டமாக ஓடிப்போய் விரட்டுவார்கள். பயிர் போகிறதே என்பதைவிட மாடு போய்விடுமே என்ற பயம். சோள இலையில் தூரின் என்ற பொருள் மேல்தோல் செல்களில் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி இலையின் உட்புறச் செல்களில் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை ஆபத்தில்லை. மாடு கடித்து மென்றதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. அசைவயிற்று நுண்ணுயிர்களும் உடைக்கிற வேலையில் சேர்ந்துகொள்வதால் மாட்டுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. அதனால் சாகிற மாட்டின் ரத்தம் பளீரென்று சிவந்திருக்கும். மருத்துவர் நேரத்தில் வந்து சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டால் சயனைடு தீங்கற்ற பொருளாக மாறிச் சிறுநீரில் போய்விடும்.

எல்லாச் சோளமும் கொல்லாது. நச்சு குருத்தில் மிக அதிகம், பூட்டை வாங்கிய பயிரில் குறைவு, அறுத்துக் காயப்போட்ட தட்டில் இன்னும் குறைவு. மழையில்லாமல் வாடி நிற்கும் பயிரிலும், அறுத்த பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் மறுபடி ஏறிவிடும். வாடிய பயிரில் மாட்டை விடாதே என்ற எச்சரிக்கையை இந்தப் பக்கத்துக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கேட்டிருக்கும்.

அதனால் மேய்ச்சலுக்குக் கொறங்காடு தனியாக இருக்கிறது. உயிருள்ள கிளுவைப் போத்துகளை நட்டு வளர்த்த வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காலையில் மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். வெள்வேலங்காய் கோடைத் தீவனம். தின்ற ஆடுமாடுகள் விதைகளைச் சாணத்தோடும் புழுக்கையோடும் பரப்பிவிடும்.

மாடு போன பின் சாணி. குப்பைக்குழிக்குப் போகும், வாசல் தெளிக்கப் போகும். ஒரு கை கிணற்றுக்கும் போகும். கரைக்கு மேலே மோட்டார் வைத்த பம்பு தண்ணீர் எடுக்காமல் வெறுமனே உறுமினால், சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றுவார்கள். குழாயின் அடியில் தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து நிறுத்துகிற புட்வால்வு தேய்ந்து கசியும்போது நடப்பது இது. பசுவின் ஆயிரம் கோடிக் கூலியாட்களாலும் செரிக்க முடியாமல் விட்ட லிக்னின் நார்கள் சாணியில் அப்படியே இருக்கின்றன. அவை கசிவு இடுக்கில் போய் அடைத்துக்கொள்கின்றன. குழாய் நிரம்புகிறது, பம்பு பிடித்துக்கொள்கிறது.

அந்தப் பம்பால் எவ்வளவு ஆழத்திலிருந்தும் உறிஞ்ச முடியாது. உறிஞ்சுவது என்று நாம் சொல்கிறோமே தவிர, பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. வளிமண்டலத்தால் தள்ள முடிந்த உயரம் ஏறக்குறைய 34 அடி. கசிவு, உராய்வு போக நடைமுறையில் 20, 25 அடி. எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. இப்படி ஒரு எல்லை இருப்பதைக் கலீலியோ 1638இல் வெளியிட்ட நூலில் எழுதினார், ஆனால் காரணத்தைத் தவறாக ஊகித்தார். அவருடைய கடைசி மாதங்களில் உடனிருந்த டோரிச்செல்லிதான் காற்றுக்கு எடை உண்டு என்ற விடையைக் காட்டினார். கொங்குக் கிணறுகளின் உள்சுவரில் பாதி ஆழத்தில் மோட்டாருக்கு மேடை கட்டியிருப்பதற்கு இந்த 34 அடிதான் காரணம். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் இறங்கும். அடைமழையில் நீர் ஏறினால் நள்ளிரவில் சங்கிலி போட்டுத் தூக்க வேண்டும். தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து கீழிருந்து தள்ளுகிற நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மின்சாரத்துக்கு முன்னால் காளைகளைப் பூட்டித் தண்ணீர் இறைத்த கவலைக்கும் இந்தத் தொல்லை இல்லை. சாய்வான வாரியில் இரண்டு காளைகள் இறங்கி நடக்க, கிணற்றிலிருந்து சால் என்ற பெரிய வாளி ஏறும். சரிவில் இறங்குவதால் காளைகளின் உடல் எடையும் இழுவைக்கு உதவியது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது தண்ணீர் தானாகக் கொட்டுகிற தந்திரம். சாலின் அடியில் தும்பி என்ற தோல் குழல். தடித்த வடம் சாலைத் தூக்கும், மெல்லிய கயிறு ஒன்று தும்பியின் நுனியை மேல்நோக்கி மடித்துப் பிடித்திருக்கும். ஆகவே வழியில் சிந்தாது. இரண்டு கயிறுகளும் வெவ்வேறு உயரத்திலுள்ள உருளைகளின் மேல் ஓடும். சால் கிணற்று வாயைத் தாண்டும்போது மெல்லிய கயிறு தும்பியைத் தாழ்வாக வெளிப்பக்கம் இழுத்துவிடும். தண்ணீர் முழுதும் வாய்க்காலில் பாயும். கவிழ்க்க மேலே ஆள் தேவையில்லை. கவலை ஓட்டுகிறவர் காளைகளோடு போய்த் திரும்பினால் போதும்.

மத்தியான வெயில் விதைக்கு. துவரையையும் அவரையையும் விதைக்கு எடுத்துவைக்கிறவர்கள் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைப்பார்கள். பயறு வண்டு முட்டையிடுவது விதையின் வழுவழுப்பான தோலின் மேல்; பொரித்த புழு நேரே உள்ளே துளைத்துவிடும். மண் பூச்சு இருந்தால் முட்டையிடத் தோல் கிடைக்காது. சாம்பல் கலப்பது வேறு வழி: சாம்பல் துகள் வண்டின் மெழுகுப் பூச்சைச் சுரண்டிவிட, வண்டு உள்நீரை இழந்து காய்ந்து சாகிறது. வெயிலில் காயப்போடுவதன் பலனும் பெரிது. ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியலில் பழகிய கணக்கு. 14 விழுக்காட்டிலிருந்து 10க்குக் காயவைத்தால் பதினாறு மடங்கு.

சோளத்தோடு தட்டைப்பயறையும் கலந்து விதைக்கிறார்கள். களை எடுக்கிறவர் கையில் தப்பித்தவறி ஒரு தட்டைப்பயற்றஞ்செடி வேரோடு வந்துவிட்டால் தூக்கி எறியாமல் பாருங்கள். வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றத் தொழிற்சாலைக்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் காற்றழுத்தத்தைப்போல் 150 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். முடிச்சுக்குள்ளிருக்கும் பாக்டீரியா அதைக் காட்டு மண்ணின் வெப்பத்திலேயே செய்கிறது. ஒரே சிக்கல், அதன் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும். அதே பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜனும் வேண்டும். செடி இதற்காக நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தைச் செய்து, ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து அளந்து கொடுக்கிறது. நகத்தால் ஒரு முடிச்சைக் கீறினால் அது தெரியும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, பச்சை என்றால் ஓய்ந்துவிட்டது. பூக்கிற பருவத்தில் பார்த்தால் சிவப்பு நன்றாகத் தெரியும்.